மீன் வண்டியை மீட்டெடுப்பது: முதலில் உப்பைக் கழுவுங்கள்

என் சித்தப்பாவின் டாட்டாமொபைல் 206 பிக்கப், இருபது வருஷத்துக்கு மேல் சென்னை காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிய வண்டி. 1994 மாடல். விடியற்காலை ஐஸ் போட்ட பெட்டிகளை அடுக்கிக் கிளம்பினால், சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட் போய்ச் சேருவதற்குள் ஐஸ் உருகிப் பின்பலகை வழியாக ஒழுகிக்கொண்டே போகும். வண்டியைத் தின்றது அந்த உப்புத் தண்ணீர்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. தண்ணீர் வடிந்ததும் சித்தப்பா, "காயலான் கடையில போட்டுடலாம்டா, எனக்கும் வயசாச்சு" என்றார். "ஒரு வருஷம் டைம் குடு சித்தப்பா" என்று கேட்டு வாங்கினேன். பதினான்கு மாதம் ஆனது. வீட்டுப் பக்கத்துக் காலி மனையில், ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஷிப்ட் முடிந்த சாயங்காலங்களிலும் செய்த வேலை. இதே மாதிரி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடங்கும்போது எல்லோரும் பானெட்டைத்தான் திறக்கிறார்கள். இன்ஜின் ஓடிவிட்டால் வண்டி பிழைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் அது தப்புக் கணக்கு. இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், மாற்றக்கூடச் செய்யலாம். சேஸிஸ், அதாவது வண்டி முழுக்கத் தாங்கும் அடிச்சட்டம், போய்விட்டால் வண்டியே இல்லை. அதனால் முதலில் இரும்பு, அப்புறம் பிரேக், கடைசியில் இன்ஜின், பெயின்ட்.

காசு இறக்குவதற்கு முன்னால் ஆர்சி புத்தகத்தை எடுத்து, அதிலுள்ள சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. நான் முதல் நாளே கிரீஸ் தடவி டேப் ஒட்டி மூடிவிட்டேன். இன்ஜின் மாற்றினாலும் கலர் மாற்றினாலும் ஆர்டிஓ ஆபீஸில் எழுதிக் கொடுத்து ஆர்சியில் ஏற்ற வேண்டும். லோடு வண்டி என்றால் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டாமல் ரோட்டில் இறக்க முடியாது.

இனி கழுவுவது. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். துருவை மட்டும் சுரண்டிவிட்டுப் பெயின்ட் அடித்தால், இரும்பின் குழிகளில் தங்கியிருக்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் கிளப்பும். அதற்காகப் போர்வெல் தண்ணீரில் கழுவக் கூடாது. கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே கரிக்கும். நான் மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) வரும் நாளில் டிரம்மில் பிடித்து வைத்து, பிரஷர் பம்ப்பால் அடித்தேன். பின்பலகையைக் கழற்றி, சேஸிஸின் உள்பக்கம், குறுக்குச் சட்டங்கள், கேபின் தரையின் மடிப்புகள் என்று நாலு தடவை. நன்றாகக் காய்ந்ததும் ஒரு சின்ன இடத்தை எமரி ஷீட்டால் பளபளவென்று தேய்த்து ராத்திரி முழுக்க மூடி வைத்தேன். காலையில் அந்த இடத்தில் புள்ளி புள்ளியாக ஆரஞ்சு நிறத்தில் பூத்திருந்தது. உப்பு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். மறுபடியும் இரண்டு தடவை கழுவிய பிறகுதான் அது கிட்டத்தட்ட நின்றது.

அப்புறம் சுத்தியல். அரைக் கிலோ சுத்தியலால் சேஸிஸ் நெடுக, சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று மணி மாதிரி பேசும். அரித்த இரும்பு அட்டையைத் தட்டுவது போல 'டொப்' என்னும். டொப் என்ற இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு, பழைய ஸ்குரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். இந்த வண்டியில் இடது பக்கம், பின் கமான் பட்டையைச் சேஸிஸோடு கோக்கும் ஷேக்கிள் மாட்டும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்குரூடிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. முன்னொரு சமயம் ஒரு பட்டறையில் மேலே தகடு வைத்து, பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) தடவி, கறுப்புப் பெயின்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். தகட்டுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி ஈரத்துரு, நடுவில் மீன் செதிள்கூட இருந்தது.

அரித்த பாகத்தை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுங்கள். சேஸிஸுக்கு அதன் கனத்துக்குச் சமமான தகடுதான் வைக்க வேண்டும். தகட்டின் முனைகளைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டுங்கள். செங்குத்தாக வெல்டிங் அடித்தால் பாரம் முழுக்க அந்த ஒரே கோட்டில் விழுந்து, நாளைக்கு அங்கேயே விரிசல் விடும். எனக்கு வெல்டிங் தெரியும். ஆனாலும் சேஸிஸ் வேலைக்கு மட்டும் கன்டெய்னர் டிரெய்லர் கட்டும் ஒரு அண்ணனைத்தான் கூப்பிட்டேன். பழக்கமில்லாத கை அதில் பழகக் கூடாது. கேபின் தரைக்கு 18 கேஜ் தகடு போதும்; அதை நானே அடித்தேன். தொடர்ச்சியாக இழுக்காமல் இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு என்று அடித்தால் தகடு வளையாது. வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். டீசல் டேங்கை வண்டியிலிருந்தே இறக்கித் தள்ளி வையுங்கள். காலி டேங்குதானே என்று விடாதீர்கள், உள்ளே நிற்கும் ஆவிதான் ஆபத்து. வண்டியைத் தூக்கி நிறுத்த ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் வேண்டவே வேண்டாம், திடீரென்று நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு வாங்க முடியாவிட்டால் வாடகைக்கு எடுங்கள்.

வெட்டி ஒட்டிய சேஸிஸ் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். இருபக்கமும் ஒரே மாதிரியான நான்கு ஓட்டைகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். குறுக்கும் மறுகுறுக்கும் டேப்பால் அளந்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். எங்களுக்கு 4 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது, அதோடு விட்டுவிட்டோம்.

பிராக்கெட், கொக்கி, போல்ட் மாதிரி சின்னச் சாமான்களுக்குக் கிரைண்டர் வேண்டாம். பிளாஸ்டிக் பக்கெட்டில் பத்து லிட்டர் தண்ணீர், அதில் மூன்று மேஜைக்கரண்டி சலவை சோடா. பழைய பேட்டரி சார்ஜரின் மைனஸைத் துருப்பிடித்த சாமானிலும், பிளஸ்ஸை ஒரு சாதா இரும்புத் துண்டிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடுங்கள். குமிழ் குமிழாக வரும். மறுநாள் துரு கறுப்புச் சேறாகக் கழன்று, பிரஷ்ஷால் தேய்த்தாலே வந்துவிடும். பிளஸ்ஸில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மாட்டாதீர்கள், தண்ணீர் விஷமாகும். வருவது ஹைட்ரஜன் வாயு, அதனால் திறந்த வெளியில் மட்டும், பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாமல்.

பிரேக்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். வீல் சிலிண்டர் உள்ளே குழி விழுந்திருந்தால் வாஷர் கிட் மட்டும் போட்டுச் சமாளிக்காமல் சிலிண்டரையே மாற்றுங்கள். இரும்பு டியூபுகள் எல்லாம் புதிது. ரப்பர் சாமான்களை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவினால் ஊதிப் பெருத்துவிடும்; பிரேக் ஆயிலில்தான் கழுவ வேண்டும். பிரேக் லைனில் சிக்கிய காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வண்டிகளில் அது பின்னால் இடது பக்கம்.

இன்ஜினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையே வரக் கூடாது. முதலில் இன்ஜின், கியர் பாக்ஸ், பின் அச்சின் ஹவுசிங் மூன்றிலும் ஆயிலை இறக்குங்கள். எங்களுக்கு ஹவுசிங் ஆயில் டீ நிறத்தில் வந்தது. பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மூன்று தடவை ஆயில் மாற்றிச் சுத்தம் செய்து, வீல் பேரிங்குகளை மாற்றினோம். டீசல் லைனில் வடிகட்டியின் பிளீட் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை கைப்பம்ப்பை அடியுங்கள். இன்ஜின் கிளம்பச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றி பேட்டரியில் வைத்தால் முனை சிவக்க வேண்டும். சாமான் தேடுவதில் ஒரு வசதி உண்டு: பழைய டாட்டா சியராவிலும் ஆரம்பகால சுமோவிலும் இருப்பது இதே 1948 சிசி டீசல் இன்ஜின்தான். வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் 206 என்று மட்டும் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள், சுமோ என்றும் சேர்த்துக் கேளுங்கள். பழைய சாமானைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

பெயின்ட்டுக்கு ஜனவரி பிறக்கட்டும். நான் பொறுக்காமல் நவம்பரில் இரண்டு மழைக்கு நடுவில் கதவுகளுக்கு அடித்தேன்; மூன்றே வாரத்தில் பால் மாதிரி வெளுத்து, மொத்தத்தையும் சுரண்டினேன். காலையில், பனி காய்ந்த பிறகு, கடல் காற்று கிளம்புவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். வெறும் ரெட் ஆக்சைடு ஈரத்தைத் தடுக்காது, எபாக்ஸி பிரைமர் அடித்து அதன் மேல்தான் பட்டி. வெறும் இரும்பில் பட்டி வைத்தால் அது பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும்.

வண்டி இப்போது மறுபடி மீன் ஏற்றுகிறது, சித்தப்பாவின் மகன் ஓட்டுகிறான். கதவுக்கு அடியிலும் கேபின் மூலைகளிலும் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை அடைத்தால் உள்ளிருந்து துரு தொடங்கும். அதற்காகவே டாஷ்போர்டில் ஒரு சைக்கிள் ஸ்போக் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் மெட்ரோ வாட்டரில் கழுவி முடித்ததும், ஒவ்வொரு ஓட்டையிலும் ஸ்போக்கை விட்டுக் குத்தி, தண்ணீர் சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.