சமூகப்பணிப் படிப்பு: பொதுநிலையா, சிறப்புப் பிரிவா? சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் சோஷியல் வொர்க் படிக்க நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது ‘பொதுநிலை’ (ஜெனரலிஸ்ட்: ஒரே துறையில் நிற்காமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பயிற்சி) என்ற சொல்லில்தான். அரைகுறைப் படிப்பு போலத் தோன்றும். இளநிலைப் பட்டமான பி.எஸ்.டபிள்யூ. முழுக்கப் பொதுநிலை, முதுநிலைப் பட்டமான எம்.எஸ்.டபிள்யூ.வில் அதை முடித்த பிறகே சிறப்புப் பிரிவு. இதனால் முதல் பாதியைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு பையன் வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்குத் தாமதமாக வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். மனநலம் மட்டுமே கண்ணில் நிற்கிறவருக்கு அது பதற்றமாகவோ அக்கறையின்மையாகவோ தெரியலாம். பொதுநிலைப் பயிற்சி பெற்றவர் காலையில் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பார். அம்மாவுக்கு இரவு ஷிப்ட். தங்கையை அவன்தான் கொண்டுபோய் விட வேண்டும், அவளது பகல்நேரக் காப்பகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். பள்ளி மணி ஏழரைக்கே அடித்துவிடும். இதற்குக் கவுன்சலிங் எதற்கு? தனிநபர், குடும்பம், குழு, நிறுவனம், சமூகம் என ஐந்தையும் சேர்த்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் பிறகு எந்தப் பிரிவுக்குப் போனாலும் கைகொடுக்கும்.

அடுத்து, பிரிவின் பெயரையே லைசென்ஸ் என்று நம்புவது. ‘கிளினிக்கல்’ (மனநலச் சிகிச்சை) பிரிவில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்ததும் தனியாகச் சிகிச்சை தர உட்கார முடியாது. மேற்பார்வையில் பல ஆயிரம் மணி நேரம் வேலை, அப்புறம் கிளினிக்கல் தேர்வு. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கொள்கை, சமூக அமைப்புப் பணி என்று வேறு பிரிவு எடுத்துவிட்டுப் பின்னால் மனம் மாறினால் இன்னும் சிக்கல். கிளினிக்கல் பாடங்கள் படித்திருக்க வேண்டும் என்று சில மாநிலங்கள் கேட்கும். எனவே எங்கே வேலை செய்யப் போகிறீர்களோ, அந்த மாநில விதியை முதலில் படியுங்கள்.

உளவியல் பட்டம் இருப்பதால் எம்.எஸ்.டபிள்யூ.வை ஒரே வருடத்தில் முடித்துவிடலாம் என்பதும் தப்புக் கணக்கு. அந்தக் குறுக்குவழி, அங்கீகாரம் பெற்ற பி.எஸ்.டபிள்யூ. முடித்தவர்களுக்கு. அங்கீகாரம் தருவது சி.எஸ்.டபிள்யூ.இ. என்ற அமைப்பு, கல்லூரி பெரிய பெயர் என்பதற்காக இதைச் சரிபார்க்காமல் விடாதீர்கள்.

களப்பணியைக் கடைசியில் யோசிப்பவர்களும் நிறைய. பி.எஸ்.டபிள்யூ.வுக்குக் குறைந்தது 400 மணி நேரம், எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு 900. முழுநேர வேலையோடு இது எளிதல்ல. கையேட்டில் ‘முதியோர் நலம்’ என்று பிரிவு இருக்கும், களப்பணிக்கு இடம் இருக்காது. போன வருடம் அந்தப் பிரிவு மாணவர்கள் எங்கெங்கே போனார்கள், மாலையிலோ வார இறுதியிலோ வாய்ப்பு உண்டா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.