அறிவியல், பொறியியல் படித்த பெண்கள் வேலைப் பாதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயற்பியலோ வேதியியலோ எந்திரவியலோ படித்து முடித்த பெண்ணிடம் அடுத்து என்ன என்று கேட்பவர்கள், ஆசிரியப் பணி, மென்பொருள் நிறுவனம், மேற்படிப்பு என்று இரண்டு மூன்று விடைகளை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அந்த விடைகளில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதே பட்டத்தை வைத்துக்கொண்டு காப்புரிமை ஆய்வு, மருந்து ஒழுங்குமுறை, தொழில்நுட்ப எழுத்து, தரக் கட்டுப்பாடு, காப்பீட்டு இடர் மதிப்பீடு, அறிவியல் இதழியல், தடயவியல், எரிசக்திக் கொள்கை, அருங்காட்சியகப் பொருள்களின் பாதுகாப்பு என்று எத்தனையோ துறைகளுக்குப் போக முடியும். அப்படிப் போக முனையும் பெண்கள் திறமைக் குறைவால் தடுமாறுவதில்லை. தொடக்கத்திலேயே தவிர்த்திருக்கக்கூடிய சில முடிவுகளால்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள்.

பட்டத்தின் பெயரை வேலையின் பெயராக எடுத்துக்கொள்வது

வேதியியல் படித்தவர் வேதியியலாளர் என்ற பெயரில் வரும் விளம்பரங்களை மட்டுமே தேடுவதும், அது கிடைக்காதபோது தன் படிப்புக்கு வேலையே இல்லை என்று முடிவுக்கு வருவதும் மிகவும் பரவலான தவறு. படிப்பு முடியும்போது கையில் மிஞ்சுவது பாடத்தின் பெயரைவிட, அளந்து பார்க்கும் பழக்கமும், தரவை நம்புவதற்கு முன் சோதிக்கும் முறையும், ஒரு கருவியை முழுதாகக் கையாளத் தெரிந்த அனுபவமும்தான். அவை பொருள் மாறினாலும் கூடவே வரும்.

பிரிட்டிஷ் வேதியியலாளர் ரோசலிண்ட் பிராங்க்ளின் 1942இல் நிலக்கரியின் நுண்துளைகளை ஆராயத் தொடங்கினார். போருக்குப் பின் பாரிசில், பொருளின் அணு அமைப்பைக் கண்டறியும் எக்ஸ் கதிர்ப் படிகவியல் நுட்பத்தைக் கற்றுக் கார்பன் பொருள்களில் பயன்படுத்தினார். 1951இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்து அதே நுட்பத்தை டிஎன்ஏ இழைகளின் மீது திருப்பினார். 1953க்குப் பின் வைரஸ்களின் கட்டமைப்பை ஆராய்ந்தார். பொருள் மூன்று முறை மாறியது, கைத்திறன் ஒன்றின் மேல் ஒன்றாக வளர்ந்தது. 2018இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் ஆர்னால்டின் முதல் பட்டம் எந்திரவியல், விண்வெளிப் பொறியியலில். சூரிய ஆற்றல் துறையில் வேலை பார்த்த பிறகுதான் அவர் வேதிப் பொறியியலுக்கும், அங்கிருந்து நொதிகளுக்கும் வந்தார். இருவரும் விதிவிலக்கான அறிவாளிகள் என்பது உண்மையே. ஆயினும் ஒரு துறையில் கற்ற முறையை இன்னொரு துறைக்குக் கொண்டுபோவது யாரும் செய்யக்கூடிய, செய்யவேண்டிய காரியம்.

இந்தத் தவறு கண்ணுக்குத் தெரியும் இடம் பயோடேட்டா. ஆய்வகத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்த ஒருவர் "எச்பிஎல்சி கருவி இயக்கத் தெரியும்" என்று (கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி அது) ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வரி எவருக்கும் எதையும் சொல்வதில்லை. அவரே, "ஒரு மாதிரியில் இரண்டு உச்சங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தன, கரைப்பான் விகிதத்தையும் பாய்வு வேகத்தையும் மாற்றிப் பார்த்து அவற்றைப் பிரித்தேன், பிறகு அதற்கான செய்முறையை எழுதினேன், ஆய்வகத்தில் அனைவரும் அதையே பின்பற்றினர்" என்று எழுதினால், மருந்து நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டு மேலாளர் அதில் சிக்கலைத் தீர்க்கத் தெரிந்தவரைக் காண்பார், தொழில்நுட்ப எழுத்தாளரைத் தேடுபவர் பிறருக்குப் புரியும்படி எழுதத் தெரிந்தவரைக் காண்பார், கருவி விற்கும் நிறுவனம் வாடிக்கையாளருக்குப் பயிற்சி தரக்கூடியவரைக் காணும்.

குழப்பம் வந்தவுடன் இன்னொரு பட்டத்தைத் தேடிப்போவது

என் பார்வையில் பெண்களிடம் அதிக விலை வாங்கும் தவறு இதுதான். நன்றாகப் படித்துப் பழகியவர்களுக்குப் படிப்பு பாதுகாப்பான இடமாகத் தோன்றுகிறது. வீட்டிலும் அதற்கு எதிர்ப்பு குறைவு. அதனால், எந்த வேலை என்று தெரியாத நிலையில், மேலாண்மைப் படிப்பிலோ சட்டப் படிப்பிலோ இரண்டாவது முதுகலையிலோ சேர்ந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அதே கேள்வி திரும்ப வரும்போது வயதும் கடனும் கூடியிருக்கின்றன.

காப்புரிமைத் துறையையே பாருங்கள். பெயரைக் கேட்டதும் சட்டப் பட்டம் இல்லாமல் அங்கே நுழைய முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பல நாடுகளில் காப்புரிமை முகவர் தேர்வை எழுதுவதற்கு அடிப்படைத் தகுதியே அறிவியல் அல்லது பொறியியல் பட்டம்தான். சட்டத்தில் தேவையான பகுதியைத் தேர்வுக்காகப் படித்துக்கொள்ளலாம். இதை முன்பே விசாரித்தவருக்கு மூன்று ஆண்டுகள் மிச்சம்.

தகுதியை விசாரிப்பது போலவே, அந்த வேலையின் ஒரு வாரம் எப்படிக் கழிகிறது என்பதையும் விசாரிக்க வேண்டும். அதே துறையில், காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சோதிக்கும் காப்புரிமை ஆய்வாளர் ஒரு விண்ணப்பத்தின் உரிமைக் கோரிக்கைகளைச் சொல் சொல்லாகப் படிக்கிறார். ஒவ்வொரு சொல்லும் பாதுகாப்பின் எல்லையைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று பார்க்கிறார். அதே கண்டுபிடிப்பு இதற்கு முன் எங்கேனும், எந்த மொழியிலேனும் வெளியாகியிருக்கிறதா என்று தேடுகிறார். பிறகு தன் மறுப்பைக் காரணங்களோடு எழுதுகிறார். நாள் முழுவதும் திரை, எழுத்து, ஒப்பீடு. சோதனைக் குழாயோடு இருப்பதில் மகிழ்ச்சி காண்பவருக்கு இது மூச்சு முட்டும். ஆய்வேட்டில் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்த அத்தியாயத்தையே மிகவும் விரும்பி எழுதியவருக்கு இது தனக்கென்றே அமைந்த வேலையாகத் தெரியும். அத்துறையில் இருக்கும் இரண்டு பேரிடம் அரை மணி நேரம் பேசினாலே இந்த வேறுபாடு விளங்கிவிடும்.

மேற்படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. மின் பொறியியல் படித்த மேரி பாரா, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் வேலையில் இருந்தபோதே அதன் உதவித்தொகையில் ஸ்டான்ஃபோர்டில் மேலாண்மைப் பட்டம் பெற்றார். அது எதற்குப் பயன்படும் என்பது அவருக்கும் தெரியும், பணம் கொடுத்தவர்களுக்கும் தெரியும். அந்தத் தெளிவு வந்த பிறகு படிப்பில் சேர்வதே சரி.

துறை மாறுவதைத் தோல்வி என்று எண்ணுவதும், இடம் மாறவேண்டிய நேரத்தில் துறையை விடுவதும்

இவை எதிரெதிரான இரண்டு தவறுகள். ஆய்வை விட்டு எழுத்துக்கோ, உற்பத்தியை விட்டு மனிதவளத்துக்கோ போகும் பெண்ணிடம் "ஒரு சீட்டை வீணாக்கிவிட்டாய்" என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதை அவர்களே நம்பத் தொடங்குவதுதான் வேதனை. மேரி பாரா உற்பத்திப் பொறியியல் பிரிவின் துணைத் தலைவராக இருந்துவிட்டு 2009இல் மனிதவளப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். 2011இல் தயாரிப்பு உருவாக்கப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். 2014இல் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியானார். பக்கவாட்டில் எடுத்துவைத்த அடி அவரைப் பொறியியலிலிருந்து அப்புறப்படுத்திவிடவில்லை.

மறுபக்கம், ஒரு மோசமான மேலாளராலோ, பெண் என்பதற்காகக் கருவியைத் தொடவிடாத ஆய்வகத்தாலோ மனம் வெறுத்து அறிவியலையே விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். முடிவெடுப்பதற்கு முன், வேலை பிடிக்கவில்லையா, வேலை செய்யும் இடம் பிடிக்கவில்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அன்னா மாணி சி. வி. ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்; முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் இயற்பியலை விடவில்லை. 1945இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்று வானிலைக் கருவிகளில் பயிற்சி பெற்றார்; 1948இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, இறக்குமதியை நம்பியிருந்த கருவிகளை உள்நாட்டிலேயே செய்வதற்கு வழிவகுத்தார்; பின்னர் சூரியக் கதிர்வீச்சையும் காற்றாற்றலையும் அளப்பதில் முன்னோடியானார்.

ஆளில்லாத வேலையையெல்லாம் ஏற்றுக்கொள்வது

கூட்டக் குறிப்பு எழுதுவது, விழா ஏற்பாடு செய்வது, புதியவர்களுக்கு இருக்கை ஒழுங்கு செய்வது போன்றவை யாராவது செய்தாக வேண்டிய வேலைகள். பதவி உயர்வில் அவற்றை யாரும் கணக்கிடுவதில்லை. அமெரிக்கப் பொருளாதார ஆய்விதழ் ஒன்றில் 2017இல் வெளியான சோதனை ஆய்வு, இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பெண்களே அதிகம் முன்வருவதையும், அவர்களிடமே அதிகம் கேட்கப்படுவதையும் காட்டியது. அதே ஆய்வில் ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களிலும் பெண்கள் மட்டும் இருந்த குழுக்களிலும் முன்வருவோரின் அளவில் வேறுபாடு இல்லை. ஆணும் பெண்ணும் கலந்த குழுவில்தான் பெண் செய்துவிடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அதனால் "மறுத்துச் சொல்ல நான்தான் பழகிக்கொள்ள வேண்டும்" என்று மட்டும் தன்னைக் குறைசொல்லாமல், முறைவைத்து மாறி மாறிச் செய்யலாம் என்று கூட்டத்திலேயே முன்மொழிவது நல்லது.

இடைவெளியை மறைப்பது

குழந்தை பிறப்பாலோ, பெற்றோரின் உடல்நலத்தாலோ வேலையை நிறுத்தியவர்கள், பயோடேட்டாவில் ஆண்டுகளை மங்கலாக்கி எழுதுகிறார்கள். படிப்பவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார், பிறகு மற்ற வரிகளையும் சந்தேகிப்பார். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன காரணம் என்று ஒரே வரியில் நேராகச் சொல்லிவிட்டு, மீண்டும் வர என்ன செய்திருக்கிறீர்கள் என்பதை அடுத்த வரியில் எழுதுங்கள்.

அந்த அடுத்த வரி காலியாக இருப்பதே உண்மையான சிக்கல். தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 தரநிலையின் 2008 பதிப்பு 2015இல் திருத்தப்பட்டு, இடர் அடிப்படையிலான சிந்தனை அதில் முன்னுக்கு வந்தது. அதற்கு முன் வேலையை விட்டவர் பழைய பதிப்பின் சொற்களோடு நேர்காணலுக்குப் போனால், அவருடைய பத்தாண்டு அனுபவம் முதல் ஐந்து நிமிடத்திலேயே மதிப்பிழந்துவிடும். தன் துறையில் மாறிய தரநிலை, மென்பொருள், சட்டம் ஆகியவற்றை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டாலே திரும்புவது எளிதாகும்.

இடைவெளியில் இருக்கும் பெண்களின் திறமை எவ்வளவு பெரிது என்பதற்கு ஸ்டெஃபனி ஷெர்லி 1962இல் பிரிட்டனில் தொடங்கிய மென்பொருள் நிறுவனம் சான்று. குழந்தைகளுக்காக வேலையை விட்ட நிரலாளர்களை வீட்டிலிருந்தே வேலை செய்ய வைத்தார். கான்கார்ட் விமானத்தின் பறப்புப் பதிவுக் கருவிக்கான நிரலாக்கமும் அவர்கள் செய்த பணிகளில் ஒன்று. வாடிக்கையாளர்கள் பதில் எழுதுவதற்காகக் கடிதங்களில் அவர் "ஸ்டீவ்" என்று ஆண் பெயரில் கையெழுத்திட்டார்.

புதிய துறையில் முழுப் புதியவராகச் சம்பளம் பேசுவது

துறை மாறும்போது "எனக்கு இதில் அனுபவம் இல்லையே" என்று முதலிலேயே சொல்லிவிடுபவர்கள், முந்தைய ஆண்டுகளைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள். ஐந்து ஆண்டு ஆய்வகத்தில் இருந்தவர், மருந்துக்கு அரசு அனுமதி பெறும் ஆவணங்களைத் தயாரிக்கும் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவுக்குப் போகும்போது, ஆவணங்களின் வடிவம்தான் அவருக்குப் புதிது. அந்த ஆவணத்தில் உள்ள தரவு எப்படி உருவாகிறது, எங்கே பிழை நுழையும் என்பது அங்கே ஏற்கெனவே இருப்பவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த வேலைக்கான சம்பள வரம்பை முன்பே விசாரித்து, இந்த ஐந்தில் எத்தனை ஆண்டுகளைக் கணக்கில் எடுப்பீர்கள் என்று நேர்காணலில் நேராகக் கேட்க வேண்டும். குறைந்த நிலையில் சேர ஒப்புக்கொள்வதாக இருந்தால், எத்தனை மாதத்தில் மறுபரிசீலனை என்பதைப் பணி நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.