ஒன்ராறியோவில் பின்வளவுக் கொட்டில்: மண்ணும் பனியும் அசைக்காதபடி

பனிநாட்டில் கொட்டில் கெடுவது பெரும்பாலும் இரண்டு வழியில். அடியில் மண் உறைந்து ஒரு மூலையைத் தூக்கும். அல்லது கூரையில் ஏறிய பனி சுவர்களை வெளியே தள்ளும். 8க்கு 10 அடிக் கொட்டிலை வைத்துச் சொல்கிறோம்.

சாமான் வைக்க மட்டும், தனியாக நிற்கும், தண்ணீர்க் குழாய் இல்லாத, 15 சதுர மீட்டருக்கு மேற்படாத ஒரு தளக் கொட்டிலுக்கு ஒன்ராறியோவில் கட்டட அனுமதி வேண்டாம். எல்லையிலிருந்து எவ்வளவு தள்ள வேண்டும் என்பது நகரசபை விதி. அதைக் கேட்டே ஆக வேண்டும். வீட்டுக் கூரைப் பனி சரிந்து விழும் இடத்தைத் தவிருங்கள்.

ரொறன்ரோ பக்கம் மண் 1.2 மீட்டர் வரை உறையும் என்றுதான் அத்திவாரம் போடுகிறார்கள். இவ்வளவு சிறிய கொட்டிலுக்கு அந்த ஆழம் தேவையில்லை, அடியில் ஈரம் தங்காவிட்டால் போதும். களிமண் நீரை மேலே இழுத்து உறைவதால்தான் எழும்புகிறது. மேல்மண்ணை வழித்தெடுத்து, மண்ணும் கல்லும் கலக்காதிருக்க, நீர் வடியும் நிலத்துணி விரித்து, 10க்கு 12 அடிப் பரப்பில் முக்கால் அங்குல ஜல்லியை 6 அங்குல உயரத்துக்கு இரண்டு படையாகப் போட்டு இடித்து இறுக்குங்கள். சுமார் 1.7 கன மீட்டர் ஜல்லி பிடிக்கும். அதன்மேல் உக்காதபடி மருந்தேற்றிய 4×4 (அங்குலக் கணக்கில் மரத்தின் பருமன்) மரம் மூன்றை நீளவாக்கில் கிடத்தி, குறுக்கே 16 அங்குலத்துக்கு ஒன்றாக 2×6 மரம் அடியுங்கள். சாதாரண ஆணியை அந்த மருந்து அரித்துவிடும். உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்த ஆணியே வேண்டும். ஒரு மூலைக்குக் கொங்கிறீட் தூண், மற்றதற்கு ஜல்லி என்று கலந்தால் தூண் நிற்க மற்றப் பக்கம் எழும்பும், கதவு இறுகும்.

கூரைதான் கவனம் முழுவதையும் கேட்கும். இறுகிப்போன பனி ஓர் அடி கிடந்தால் சதுர மீட்டருக்கு 90 கிலோ வரை வரும். இந்தக் கூரையில் அது 650 கிலோவைத் தாண்டும். அப்போது கைமரம் முறிவதைவிட, அதன் கால்கள் விலகிச் சுவர் பிதுங்கி முகடு தாழ்வதே வழக்கம். ஒவ்வொரு சோடிக் கைமரத்தின் கால்களையும் சுவர் உச்சியில் ஒரு 2×4 குறுக்குச் சட்டத்தால் பிணையுங்கள். முகட்டுக்குக் கீழே சிறு துண்டு அடிப்பது அந்தத் தள்ளலைத் தாங்காது. கைமரம் 2×6, 16 அங்குல இடைவெளியில் 9 சோடி. சரிவு 12 அங்குலத்துக்கு 8 அங்குல ஏற்றம். பனிக்காற்று கூடிய சிம்கோ ஏரிப் பக்கம் கட்டுபவர்கள் மரம் வாங்குமுன் உள்ளூர்ப் பனிச்சுமையை நகரசபையில் கேளுங்கள்.

தகரக் கூரையில் பனி ஒரேயடியாகச் சரியும். ஆகவே கதவு சரிவுப் பக்கத்தில் வேண்டாம். முக்கோணச் சுவரில் வையுங்கள். பீலியும் வேண்டாம், சரியும் பனி பிய்த்தெறியும். இரு முக்கோணச் சுவர்களின் உச்சியிலும் காற்றுத்துளை இல்லாவிட்டால் தகரத்தின் அடியில் ஈரம் உறைந்து, வெயில் பட்டதும் சாமான்மேல் சொட்டும்.

பனியை இறக்கும்போது தரையில் நின்றே நீளப்பிடி வாரியால் இழுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக வழித்துவிட்டு மற்றதை விட்டால் பாரம் ஒருச்சாய்ந்து கூரை முறுகும். இரு பக்கமும் மாறிமாறி, இரண்டு அங்குலம் மிச்சம் விட்டு.