அசைவு குறைந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்

"மாசம் ஏறிடுச்சு, உள்ளே இடமில்லை, அதான் பிள்ளை அசையலை." ஒன்பதாம் மாதத்தில் வீட்டுக்கு வீடு கேட்கும் இந்தப் பேச்சு தவறு. இடம் நெருக்கமானால் உதை உருளலாக மாறலாம். வலி வரும்வரை அசைவு குறையக்கூடாது. நஞ்சுக்கொடி (பிளாசென்டா) வழியாகப் பிராணவாயு போதாதபோது குழந்தை அசைவைக் குறைத்துச் சிக்கனம் பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம்.

நம் வீடுகளில் என்ன நடக்கும்? இனிப்பு சாப்பிட்டுப் பார், ஜில்லுனு தண்ணி குடி என்று இரவு ஓடிவிடும். இப்போது குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க ஆன்லைனில் வாங்கிய டாப்ளர் கருவி வேறு. 'டக் டக்' கேட்டதும் நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள். அது அம்மாவின் நாடியாகவும் இருக்கலாம். குழந்தையுடையதே என்றாலும், துடிப்பு கேட்பதும் குழந்தை நலமாக இருப்பதும் ஒன்றல்ல. இரவு பதினொன்றானாலும் பிரசவ வார்டுக்குப் போய்ப் பரிசோதியுங்கள். வண்டி இல்லையென்றால் 108. நார்மல் என்று அனுப்பிய மறுநாளே மீண்டும் குறைந்தால், மீண்டும் போங்கள். யாரும் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கால் வீக்கத்துக்குப் பார்லித் தண்ணீர் குடிக்கலாம், ஆனால் அன்றே பிரஷரும் பார்க்க வேண்டும். 140/90 எட்டிவிட்டால், தலைவலியோ கண் மங்கலோ இல்லாவிட்டாலும், அலட்சியம் கூடாது. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் குறைந்து குழந்தையின் வளர்ச்சி தடைப்படலாம். சிலருக்கு நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிடும். "பிரஷர் இறங்கிடுச்சே" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இறங்கியதே மாத்திரையால்தான்.

குமட்டுகிறது என்று குளுக்கோஸ் தண்ணீர் டெஸ்டைத் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. கட்டுப்படாத சர்க்கரையும் குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடியது. உள்ளங்கை, உள்ளங்காலில் இரவில் தாங்கமுடியாத அரிப்பா? எண்ணெய் தடவுவதோடு விடாமல் பித்த அமிலம் பார்க்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படுங்கள். 41 வாரம் தாண்டியும் "வலி தானா வரட்டும்", "நல்ல நாள் பார்க்கலாம்" என்று இழுப்பது ஆபத்தைக் கூட்டும்.

இத்தனையும் பார்த்தும் சில குழந்தைகள் போய்விடுகின்றன. காரணமே தெரியாமலும் போகலாம். அப்போது "கையைத் தூக்கித் துணி காயப்போட்டாள், கொடி சுத்திக்கிச்சு" என்று அந்தப் பெண்ணைக் குத்தாதீர்கள். கை தூக்குவதால் தொப்புள்கொடி சுற்றாது. நலமாகப் பிறக்கும் குழந்தைகளிலும் சுமார் நான்கில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி இருக்கும். அழுகைக்கு நடுவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கர்ப்பத்தில் டாக்டர் தேடுவது அந்தத் தாளைத்தான்.