வாத்தியார் வரைஞ்ச படமும் எழுதின பாட்டும்: எப்படி சேர்த்து வைக்கிறது

எங்க பெரியப்பா வாத்தியாரா இருந்தவர், படம் வரைவார், பாட்டும் எழுதுவார், அவர் போனப்புறம் எல்லாத்தையும் ஒழுங்கு பண்ற வேலை என்கிட்ட வந்துச்சு. உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்தா இது உதவும்.

முதல்ல மெட்டை புடிங்க. காகிதம் பீரோவுல இன்னும் பத்து வருஷம் கிடக்கும், மெட்டு தெரிஞ்சவங்க அதுவரை இருப்பாங்களான்னு யாருக்கும் தெரியாது. அவர்கிட்ட படிச்சவங்க, கூட பாடினவங்க எல்லாரையும் தேடிப்போய், ஃபேனை நிறுத்திட்டு ஃபோன்லயே ரெக்கார்ட் பண்ணுங்க, வரி மறந்துட்டா தன்னன்னா போட்டு தத்தகாரமாவாவது பாடட்டும், நடுவுல திருத்தாதீங்க. ரெண்டு பேர் ரெண்டு விதமா பாடினா ரெண்டையும் வைங்க.

அடுத்தது நோட்டு. பாட்டு நோட்டுன்னு தனியா ஒண்ணைத் தேடினா பாதிதான் கிடைக்கும், மீதி எல்லாம் பாடக்குறிப்பு நோட்டுலயும் விடைத்தாளோட பின்பக்கத்துலயும் இருக்கும், அதனால பழைய பேப்பர்காரர்கிட்ட போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கமா புரட்டுங்க. பெரியப்பா நோட்டுல ஒரு பக்கம் பின்னப் பெருக்கல் பாடக்குறிப்பு, எதிர்ப்பக்கம் ஒரு சரணம், அதுல 'விடியல்'னு எழுதி அடிச்சு, 'வெளிச்சம்'னு எழுதி அதையும் அடிச்சு, கடைசில மறுபடி 'விடியல்'னே விட்டிருக்கார். பாட்டுக்கு தேதி இல்ல, ஆனா பாடக்குறிப்புல இருக்கு, அதை வெச்சுத்தான் எந்த வருஷம்னு பிடிச்சோம். பக்கத்தைக் கிழிச்சு தனியா எடுத்திருந்தா இது போயிருக்கும். டைப் பண்ணும்போது அடிச்ச வார்த்தையையும் சேர்த்தே டைப் பண்ணுங்க, அவர் யோசிச்ச விதம் அதுலதான் தெரியுது.

ஸ்கேன் 600 டிபிஐ-ல (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) பண்ணினா பென்சில் கோடு கூட தெளிவா வரும். ஜெம் கிளிப், பின் எல்லாம் துரு ஏறும், எடுத்துடுங்க. கிழிஞ்ச இடத்துல செலோ டேப் ஒட்டவே கூடாது, பசை மஞ்சளாகி காகிதத்துலயே ஊறிடும்.

படத்துல நாங்க பண்ணின பெரிய தப்பு, ஒரு வாட்டர்கலரை லேமினேஷன் பண்ணினது. சூட்டுல ஒட்டினது, இனி பிரிக்க முடியாது, இன்னிக்கும் மனசு கஷ்டமா இருக்கு. வாட்டர்கலருக்கு வெளிச்சமே எதிரி, மியூசியத்துல அதுக்கு சுமார் 50 லக்ஸ், அதாவது மங்கலான வெளிச்சம்தான் வைப்பாங்க, அதனால ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீங்க, ஃப்ரேம் போட்டா கண்ணாடி படத்துல படாம நடுவுல மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்க. பேஸ்டல், கரி படத்தை ஸ்கேனர்ல கவுத்தாதீங்க, தூள் ஒட்டிக்கும், நிழல் வெளிச்சத்துல நேரா நின்னு போட்டோ எடுங்க. ஆயில் பெயின்டிங்கை ஈரத்துணியால துடைக்கக் கூடாது.

கிளாஸுக்காக வரைஞ்ச சார்ட்டையும் தூக்கிப்போடாதீங்க, பூ உறுப்புகள் சார்ட்டுல இருக்கற அதே கோடுதான் அவரோட பெரிய படங்கள்லயும் இருக்கு, ரெண்டையும் பக்கத்துல வெச்சு பார்த்தா தெரியும்.

எல்லாத்தையும் மூணு காப்பி, ரெண்டு வேற வேற மீடியாவுல (ஹார்டு டிஸ்க், பென் டிரைவ் மாதிரி) வைங்க, அதுல ஒரு காப்பி வேற ஊர்ல இருக்கட்டும். நெட்ல போடுறதுக்கு முன்னாடி வாரிசுங்க எல்லார்கிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்கிடுங்க.

இப்படிப்பட்டவங்க கல்யாணத்துக்கு, பிரிவு உபசாரத்துக்குன்னு நிறைய படத்தை அன்பளிப்பா குடுத்திருப்பாங்க. அந்த வீடுகளுக்குப் போங்க, திருப்பிக் கேக்காதீங்க, போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டு ஃப்ரேமோட பின்பக்கத்தையும் கட்டாயம் பாருங்க, பெரியப்பா அங்கதான் ரெண்டு வரி பாட்டு எழுதி வெச்சிருந்தார்.