ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளின் தூக்கத்தில் நாம் செய்யும் தவறுகள்

பிள்ளைகள் மேலே ஏறி வித்தை செய்யும் நீண்ட கட்டையான பேலன்ஸ் பீமின் அகலம் 10 சென்டிமீட்டர்தான். போட்டிகளில் அது தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதன்மேல் பல்டி அடிக்கப் போகும் பிள்ளை முந்தின இரவு ஆறு மணி நேரம்தான் தூங்கினாள் என்று கேட்டால் எனக்குப் பதறுகிறது.

தவறுகளிலேயே பெரியது, பயிற்சிக்காகத் தூக்கத்தை வெட்டுவது. 6 முதல் 12 வயது வரை 9–12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8–10 மணி நேரமும் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் சொன்னது. கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஐந்து மணிக்கு எழும் பத்து வயதுப் பிள்ளை இரவு எட்டு மணிக்கே தூங்கியிருக்க வேண்டும். மாலைப் பயிற்சி, வீட்டுப்பாடம், சாப்பாடு எல்லாம் முடிய எத்தனை மணி ஆகிறது? பருவ வயதிலோ உடலின் கடிகாரமே பின்னுக்குப் போய்விடும். சீக்கிரம் தூக்கம் வராதது சோம்பேறித்தனம் இல்லை. பிள்ளையை அதட்டாமல் பயிற்சி நேரத்தை மாற்ற முடியுமா என்று பயிற்சியாளரிடம் பேசுங்கள்.

அன்று பழகிய அசைவுகள் மூளையில் உறுதிப்படுவதும் தூக்கத்தில்தான். லாஸ் ஏஞ்சலஸில் பல விளையாட்டுகளைச் சேர்ந்த 112 பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்கு இருந்தது.

அடுத்தது, எடை கூடிவிடும் என்று இரவுச் சாப்பாட்டைக் குறைப்பது. இந்த விளையாட்டில் இது நிறையவே நடக்கிறது, மனசு கேட்கவில்லை. பசித்த வயிறோடு படுத்தால் ஆழ்ந்த தூக்கம் வராது. வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பதும் ஆழ்ந்த தூக்கத்தில்தான்.

மாலையில் காபியும் வேண்டாம். குடித்து ஐந்தாறு மணி நேரம் கழித்தும் அதன் காஃபீன் பாதியளவு உடம்பில் இருக்கும். அப்புறம், தான் செய்த ரொட்டீனின், அதாவது போட்டிக்கான அசைவுத் தொடரின், வீடியோவைப் படுக்கையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது. அதைப் பகலில் பயிற்சியாளரோடு பார்க்கட்டும்.

போட்டிக்கு முந்தின இரவு “தூங்கு, இல்லாவிட்டால் நாளைக்குச் சொதப்பிவிடுவாய்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பயமே தூக்கத்தைக் கெடுத்துவிடும். சாதாரணப் பயிற்சி நாளில் பிள்ளை சரியாகத் தூங்கவில்லையா, காலையிலேயே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு உயரமான பீமும் புதிய பல்டியும் வேண்டாம், தரையில் நீட்சிப் பயிற்சி போதும்.