டைனமோ மாற்றும் முன் மேலே பாருங்கள்: பழைய சொகுசுக் காரில் ஸ்டீயரிங் ஆயில் கசிவு

பழைய சொகுசுக் காரில் ஆல்டர்னேட்டர், அதாவது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ, போனால் யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. வண்டிக்கு வயசாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்பார்கள். மாற்றியது மறுபடி போனால், டூப்ளிகேட் சரக்கு என்று பார்ட்ஸ் கடை மேல் பழி விழும். மாமனார் ஓட்டி எனக்கு வந்த 2004 மாடல் ஜப்பான் செடானிலும் இதே கதைதான். டைனமோவுக்கு நேர் மேலே பவர் ஸ்டீயரிங் பம்ப் இருக்கிறது. அதிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டே இருந்தது, கீழே புது டைனமோவும் நனைந்துகொண்டே இருந்தது.

இந்த அமைப்பு ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியது அல்ல. 1989-இல் வந்த லெக்ஸஸ் எல்.எஸ். 400 இதற்குப் பேர் போனது. அத்தனை நேர்த்தியாகச் செய்த காரிலும் ஸ்டீயரிங் பம்ப் டைனமோவுக்கு மேலேதான் இருக்கும். ஒரே பெல்ட் எல்லாவற்றையும் சுற்றும்போது ஏதோ ஒன்று மேலேயும் ஏதோ ஒன்று கீழேயும் வந்தாக வேண்டும். உங்கள் வண்டியில் எது எங்கே என்று பானெட்டைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக் ஸ்டீயரிங் வண்டி என்றால் அதில் ஆயிலே கிடையாது, இந்தப் பதிவு உங்களுக்குத் தேவைப்படாது.

ஆயில் பட்டால் டைனமோவுக்கு என்ன ஆகிறது

டைனமோ தன்னைக் குளிர்வித்துக்கொள்ள உள்ளே இருக்கும் விசிறியால் காற்றை இழுக்கும். ஓட்டைகள் திறந்தே இருக்கும். மேலே சொட்டும் ஆயிலும் அந்த வழியாக உள்ளே போகும். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து விழுந்த கரித்தூள் இருக்கிறது. அதோடு ஆயில் கலந்தால் மை மாதிரி ஒரு பிசின். அது பிரஷ் உரசும் செம்பு வளையமான ஸ்லிப் ரிங் மேல் படியும். பிரஷ்ஷும் தன் கூட்டுக்குள் ஒட்டிக்கொண்டு முன்னே வராது. உள்ளே சுழலும் ரோட்டருக்குப் போகும் கரண்ட் குறையும், சார்ஜ் குறையும். நம்மூர்ப் புழுதியும் சேர்ந்து காற்று வழியை அடைத்தால் சூடு ஏறி, ஏ.சி. கரண்டை டி.சி.யாக மாற்றும் டயோடு போகும். ஏப்ரல், மே மாதத்து வேலூர் வெயிலில் பானெட்டுக்குள் ஏற்கெனவே அடுப்புதான்.

முதலில் மல்டிமீட்டர்

விலை குறைந்த டிஜிட்டல் மல்டிமீட்டரே போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், பேட்டரி நல்லதாக இருந்தால், சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட், ஏ.சி. விசிறி எல்லாவற்றையும் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து 1,500 ஆர்.பி.எம். பக்கம் வைத்துப் பாருங்கள். 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் நின்றால் டைனமோ இன்னும் உயிரோடு இருக்கிறது. 13-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் போதவில்லை. அப்புறம் மீட்டரை ஏ.சி. (மாறுதிசை மின்சாரம்) வோல்ட்டுக்குத் திருப்பி அதே பேட்டரி முனைகளில் வையுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடு மேல் சந்தேகப்படலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, "வண்டி நிக்கலன்னா டைனமோ நல்லாருக்கு சார்" என்று சொல்லும் பழைய வைத்தியம் இன்னும் நடக்கிறது. அம்பாசிடர் காலத்தில் அது ஓடியிருக்கலாம். கம்ப்யூட்டர் வைத்த வண்டியில் அந்த நொடி வோல்டேஜ் எகிறி ரெகுலேட்டரையோ எஞ்சின் கம்ப்யூட்டரான இ.சி.யு.வையோ சாப்பிட்டுவிடும். யாராவது உங்கள் வண்டியில் செய்ய வந்தால் மரியாதையாகத் தடுத்துவிடுங்கள்.

கசிவு எங்கே: நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது இதுதான்

ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினை ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, "எங்கேயும் லீக் இல்லை" என்பார்கள். பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் உண்மையிலேயே எதுவும் சொட்டாது. காரணம் இது.

பம்புக்கு இரண்டு பக்கம். ஆயில் டப்பாவிலிருந்து வரும் உறிஞ்சு பக்கம் ஒன்று, சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக்குக்குத் தள்ளும் அழுத்தப் பக்கம் இன்னொன்று. எஞ்சின் ஓடும்போது உறிஞ்சு பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் காய்ந்து சுருங்கியிருந்தால் ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வண்டியை நிறுத்தியதும் கதை தலைகீழ். டப்பா மேலே, பம்ப் கீழே. ஆயில் தன் எடையிலேயே இறங்கி அந்த ஓ-ரிங் வழியாகச் சொட்டும். எஞ்சின் ஆற ஆற ரப்பர் இன்னும் இறுகும். இரவெல்லாம் டைனமோ நனையும். காலையில் சாவியைத் திருப்பியதும் விசிறி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

காலையில் முதல் திருப்பத்தில் பம்ப் முனகுகிறதா? டப்பாவில் ஆயில் நுரைத்திருக்கிறதா? இரண்டும் இருந்தால் உறிஞ்சு பக்கத்தில் காற்று புகுகிறது என்று தொண்ணூறு சதவீதம் முடிவுகட்டலாம். எல்.எஸ். 400-இல் கூடுதலாக ஒரு வில்லங்கம் உண்டு. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது எஞ்சின் ஐடில் வேகத்தை ஏற்ற பம்பில் இருக்கும் ஐடில்-அப் வால்வு பழுதானால், அதன் வேக்கம் ஹோஸ் வழியாக ஆயில் எஞ்சினுக்குள்ளேயே போய் வெள்ளைப் புகை அடிக்கும். கீழே ஒரு சொட்டும் விழாமல் டப்பா மட்டும் குறையும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் சுத்தம். தயவுசெய்து வாட்டர் சர்வீஸில் விட்டு பானெட்டுக்குள் பிரஷர் வாஷ் அடிக்காதீர்கள். எஞ்சின் ஆறிய பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, டைனமோவை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவிட்டு, பம்பையும் ஹோஸ்களையும் பழைய டூத் பிரஷ், கொஞ்சம் டீகிரீசர், துணி கொண்டு துடையுங்கள். சுற்றுவட்டாரத்தில் ஈரம் இருக்கக் கூடாது.

பிறகு டிஷ்யூ பேப்பரைத் துண்டு துண்டாகக் கிழித்து ஒவ்வொரு இணைப்பிலும் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். உறிஞ்சு ஹோஸ் டப்பாவில் சேரும் இடம், பம்பில் சேரும் இடம், அழுத்தப் பைப் சேரும் இடம், பம்பின் பின் மூடி. கீழே தரையில் ஒரு வெள்ளை அட்டை. இரவு விட்டுவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். எந்தத் துண்டு நனைந்திருக்கிறதோ அதுதான் ஆள். இரண்டு துண்டு நனைந்திருந்தால் மேலே இருப்பதை முதலில் நம்புங்கள், ஆயில் கீழ்நோக்கித்தான் ஓடும். பார்த்து முடித்ததும் எல்லாத் துண்டையும் எடுத்துவிட்டீர்களா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று பெல்ட்டில் சிக்கினாலும் தொல்லை.

எல்லாத் துண்டும் காய்ந்தே இருந்தால் கசிவு அழுத்தப் பக்கத்தில் இருக்கலாம். டைனமோ மேல் கட்டிய பையை எடுத்து, பேட்டரியை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு ஒருவரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லி, நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். கடைசி வரை திருப்பி ஓரிரு நொடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். அழுத்தப் பைப்பை எக்காரணம் கொண்டும் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். கடைசி வரை திருப்பும்போது அழுத்தம் 80 பாரை, அதாவது காற்றழுத்தத்தைப் போல எண்பது மடங்கைத் தாண்டும், ஊசி முனை ஓட்டை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

நனைந்தது புல்லிக்குப் பின்னால் இருக்கும் ஷாஃப்ட் சீல் என்றால் பம்பைக் கழற்றி ரீபில்ட் செய்ய வேண்டும். அது வீட்டு வேலை இல்லை. சென்னை ஜி.பி. ரோட்டில் சீல் கிட் தேடலாம், புதுப்பேட்டையில் பழைய பம்பும் கிடைக்கும். ஆனால் காயலான் பம்பில் இருப்பதும் அதே வயசு ரப்பர்தான் என்பதை மறக்காதீர்கள். அழுத்த ஹோஸில் கசிவு என்றால், ஜே.சி.பி., டிப்பர் வண்டிகளுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் செய்பவர்களிடம் பழையதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஓ-ரிங் மாற்றுவது

ஓ-ரிங் டீ காசுதான். ஆனால் எந்த ரப்பர் என்பது முக்கியம். ஸ்டீயரிங் ஆயிலுக்கு நைட்ரைல் அல்லது வைட்டான். ஹார்டுவேர் கடைக் குழாய் வாஷர் பொட்டலத்தில் அளவு சரியாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அதில் ஈ.பி.டி.எம். ரப்பர் இருந்தால் மினரல் ஆயிலில் ஊறி உப்பிவிடும். பிரேக்குக்கு வரும் ரப்பரும் அதே ஜாதிதான். கம்பெனி பார்ட் நம்பரைச் சொல்லி வாங்குவது நிம்மதி.

டப்பாவில் இருக்கும் ஆயிலை மருந்துக்கடை 50 மில்லி சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். இதற்கென்று விற்கும் பம்பெல்லாம் வாங்கிப் பார்த்தாயிற்று, சிரிஞ்சுக்கு ஈடில்லை. எஞ்சின் நின்றிருக்கும்போது டைனமோ மேல் பை கட்டியிருக்கட்டும், அதன் மேல் ஒரு துணியும் போடுங்கள். உறிஞ்சு பக்க இணைப்பின் போல்ட்டுகளைக் கழற்றுங்கள், பல ஜப்பான் வண்டிகளில் அவை 10 மி.மீ. பழைய ஓ-ரிங் பெரும்பாலும் தட்டையாகி, பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாக வரும். பள்ளத்தை ஸ்குரூ டிரைவரால் சுரண்டாதீர்கள். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் புது ஓ-ரிங்கும் கசியும். புதியதில் அதே ஸ்டீயரிங் ஆயிலைத் தடவி உட்கார வையுங்கள். கேஸ்கட் பசை வேண்டாம். பிதுங்கிய பசை உள்ளே போய் வால்வை அடைக்கும். கசிவை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்பதும் எனக்குப் பிடிக்காது, அது ரப்பரை ஊத வைத்துக் கொஞ்ச நாள் தள்ளும், அவ்வளவுதான்.

ஹோஸ் கிளிப்பில் ஸ்பிரிங் வகைதான் என் ஓட்டு. திருகு வகையை ஆளுக்கு ஆள் முறுக்கி ஹோஸையே வெட்டிவிடுகிறார்கள்.

ஆயில் ஊற்றி காற்றை எடுப்பது

எந்த ஆயில் என்பதை டப்பா மூடியில் படியுங்கள். பல டொயோட்டா வண்டிகளுக்கு டெக்ஸ்ரான் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), ஹோண்டாவுக்கு அவர்களுடைய சொந்த ஸ்டீயரிங் ஆயில்தான், சில ஐரோப்பிய வண்டிகளுக்குப் பச்சை நிற சி.எச்.எஃப். 11 எஸ். என்ற ஹைட்ராலிக் ஆயில். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிரேக் ஆயிலைத் தவறியும் ஊற்றாதீர்கள்.

முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்ப வேண்டாம். எஞ்சினை ஓடவிடாமல் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக ஒரு இருபது தடவை திருப்புங்கள். ஆயில் குறையக் குறைய ஊற்றுங்கள். குமிழி வருவது நின்ற பிறகு டைனமோ மேல் இருக்கும் பையையும் துணியையும் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்து மறுபடி மெதுவாகத் திருப்புங்கள். நுரை தெரிந்தால் நிறுத்திவிட்டு அடங்க விடுங்கள். அவசரப்பட்டால் காற்று கலங்கிப்போய் நாள் முழுக்க முனகும். வேலை முடிந்தபின் ஏலகிரிக்கு ஒரு நடை போய் வாருங்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவும் மெதுவான, முழுத் திருப்பங்கள், பம்புக்கு அதைவிட நல்ல பரீட்சை இந்தப் பக்கம் கிடையாது.

கடைசியாகத்தான் டைனமோ

கசிவு நின்றது உறுதியான பிறகுதான் டைனமோவில் கை வைக்க வேண்டும். சார்ஜ் நன்றாக இருந்தால் வெளியே துடைத்துவிட்டு விடுங்கள். குறைவாக இருந்தால் கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். எனக்கு வேலை பார்த்த பாய் பிரித்துக் காட்டியபோது ஸ்லிப் ரிங் முழுக்கக் கருப்புப் பிசின். கார்பன், பேரிங், சுத்தம் செய்தல், அவ்வளவோடு முடிந்தது. "புதுசு எதுக்கு சார், காயில் நல்லாருக்கு" என்றார். பேரிங்கைக் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள், உள்ளிருக்கும் கிரீஸை ஆயில் கரைத்திருக்கும். எஞ்சின் ஓடும்போது டைனமோவுக்குள் கிளீனர் ஸ்பிரே அடிக்கும் வீடியோக்களைப் பார்த்துச் செய்யாதீர்கள், பொறி பட்டால் தீப்பிடிக்கும்.

ஆயில் குடித்த பெல்ட்டைத் துடைத்து மாட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: ஆம்பூரிலிருந்து ஒருவர் தன் ஹோண்டாவில் 12.5 வோல்ட்தான் வருகிறது, டைனமோ போய்விட்டதா என்று கேட்டிருந்தார். ஹெட்லைட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன், 14-ஐத் தாண்டிவிட்டது. பல ஹோண்டா வண்டிகளில் மின்சுமையை அளக்கும் இ.எல்.டி. என்ற பாகம் இருக்கிறது. சுமை இல்லாதபோது அது வேண்டுமென்றே சார்ஜைக் குறைக்கும். அதனால்தான் மேலே எல்லா லைட்டையும் போட்டு அளக்கச் சொன்னேன்.

பின்சேர்க்கை 2: பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் ரேடியோ கோடு கேட்கிறது என்று பலர். பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ., ஹோண்டாவில் திருட்டுத் தடுப்புக்காக வைத்தது. சர்வீஸ் புத்தகத்தோடு வந்த சின்ன அட்டையில் கோடு இருக்கும். அட்டையைத் தேடி எடுத்த பிறகு நெகட்டிவைக் கழற்றுங்கள்.

பின்சேர்க்கை 3: உறிஞ்சு ஹோஸுக்குப் பதிலாக ரேடியேட்டர் ஹோஸ் துண்டைப் போட்ட ஒருவருக்கு அது ஊதிக் கொழகொழவென்று ஆகிவிட்டதாம். ஓ-ரிங்குக்குச் சொன்ன அதே ஈ.பி.டி.எம். சமாச்சாரம்தான். கடையில் கேட்கும்போது ஆயில் தாங்கும் ஹோஸ் என்று சொல்லிக் கேளுங்கள், மேலே அச்சடித்திருப்பதையும் படித்துவிட்டு வாங்குங்கள்.